இரவு 11 மணிச் சாப்பாடும் கல்லீரலின் கடிகாரமும்

கேள்வி: எனக்கு வயது 47. மளிகைக் கடை வைத்திருக்கிறோம். கடையை அடைத்துவிட்டு வீட்டில் சாப்பிட உட்கார இரவு 11 மணி ஆகிவிடுகிறது. அண்மைப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 118, எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.1. மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. அளவைக் குறைக்க வேண்டாம், நேரத்தை மாற்றினாலே போதும் என்கிறாள் மகள். எலிகளிடம் சோதித்து நிரூபித்திருக்கிறார்களாமே, உண்மையா?

பதில்: உங்கள் மகள் சொல்வது, கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் சச்சிதானந்த பாண்டாவின் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வாக இருக்க வேண்டும். கொழுப்பு மிகுந்த ஒரே தீனியை இரண்டு பிரிவு எலிகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு இரவும் பகலும் நினைத்தபோதெல்லாம் கொறித்தது. மற்றதற்கு, எலிகள் இயல்பாக விழித்திருக்கும் இரவில் 8 மணி நேரம் மட்டுமே தீனி கிடைத்தது. உட்கொண்ட கலோரி இரண்டுக்கும் ஏறத்தாழ சமம்தான். இருந்தும் முதல் பிரிவு எலிகள் கொழுத்து, அவற்றின் கல்லீரலில் கொழுப்பு படிந்தது. இரண்டாம் பிரிவு பெருமளவு தப்பியது.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள, உடலின் அன்றாட வேலைகளுக்கு நேரம் குறிக்கும் தலைமைக் கடிகாரம், கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தைக் கொண்டு நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. கல்லீரலுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. அது பெரிதும் சாப்பாட்டு நேரத்தைப் பின்பற்றுவது. நீங்கள் 11 மணிக்குச் சாப்பிடும்போது மூளை இரவு என்கிறது, கல்லீரலுக்கோ வேலை நேரம் என்ற செய்தி போகிறது. அந்நேரம் இரத்தத்தில் கூடியிருக்கும் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன், கணையம் இன்சுலின் சுரப்பதையும் மட்டுப்படுத்துகிறது. ஆகவே காலை 8 மணிக்குச் சாப்பிடும் அதே நான்கு இட்லி, இரவு 11 மணிக்குச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றி, இறங்கவும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் மனிதர்களிடம் கிடைத்த பலன் எலிகளில் கண்ட அளவுக்கு இல்லை. 2015-இல் பாண்டாவின் குழு, உடல் எடை மிகுந்த 8 பேரை 10 முதல் 11 மணி நேரத்துக்குள் சாப்பிட வைத்தபோது, 16 வாரங்களில் சராசரியாக 3 கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தது. எட்டே பேர், ஒப்பிட வேறு பிரிவும் இல்லை. சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் ஓராண்டு நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், கலோரியைக் குறைத்தவர்களுக்கு நேரக் கட்டுப்பாட்டால் குறிப்பிடத்தக்க கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. ஆகவே, அளவைப் பற்றிக் கவலைப்படாமல் நேரத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். நேரத்தை மாற்றுங்கள், சோற்றின் அளவையும் குறையுங்கள்.

இரவு உணவை டப்பாவில் கட்டிக் கடைக்கே கொண்டுபோய், 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். வீடு திரும்பிய பின் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். மூன்று வேளைதான் சாப்பிடுகிறேன் என்று என்னிடம் சொல்பவர்கள், விடிகாலைச் சர்க்கரைக் காபியையும் படுக்கும்முன் குடிக்கும் பாலையும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உட்கொள்வதையெல்லாம் கைப்பேசிச் செயலியில் பதிவுசெய்யும்படி பாண்டாவின் குழு சிலரிடம் சொன்னபோதும், பாதிப் பேர் நாளில் ஏறத்தாழ 15 மணி நேரமோ அதற்கும் கூடுதலாகவோ எதையாவது உட்கொண்டது தெரியவந்தது. காலை 8 மணிக்கு முன் சர்க்கரையோ பாலோ சேர்ந்த எதையும் தவிர்த்தால், உங்கள் கணக்கு 12 மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

உங்கள் அளவுகள் நீரிழிவுக்கு முந்தைய நிலையைக் காட்டுகின்றன. பின்னாளில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ தேவைப்பட்டால், உணவு நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம். சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். இப்போதைக்கு மூன்று மாதம் இப்படிச் சாப்பிட்டுவிட்டு, எச்பிஏ1சி-யை மறுபடி பார்த்து, அந்த முடிவுடன் உங்கள் மருத்துவரைச் சந்தியுங்கள்.