பிரமிடை உடைக்காமலேயே உள்ளே வெற்றிடம் இருப்பதை மியூவான்களை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எக்ஸ்ரே மாதிரிதான். ஆனால் கதிரை நாம் உண்டாக்க வேண்டியதில்லை, வானமே இலவசமாகத் தருகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் அணுக்கருக்களோடு மோதும்போது மியூவான்கள் உருவாகின்றன. மியூவான் என்பது எலக்ட்ரானின் உறவுக்காரத் துகள், எடை மட்டும் சுமார் 207 மடங்கு. கடல் மட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10,000 விழுகின்றன. இதைப் படிக்கும்போதே உங்களையும் துளைத்துப் போகின்றன.

ஆற்றல் மிகுந்தவை நூற்றுக்கணக்கான மீட்டர் பாறையைக்கூடக் கடக்கும், மற்றவை நடுவழியிலேயே நின்றுவிடும். சரி, உணர்கருவியைக் கீழே வைத்து, எந்தத் திசையிலிருந்து எத்தனை வந்தன என்று எண்ணுங்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமா? அந்தப் பக்கம் கல் குறைவு.

ஒரே இடத்திலிருந்து பார்த்தால் திசைதான் தெரியும், தூரம் தெரியாது. அதனால் வேறு இடத்திலிருந்தும் எண்ண வேண்டும். பொறுமையும் வேண்டும், மாதக்கணக்கில் ஆகும்.

1960களின் இறுதியில் இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வாரெஸ் எகிப்தின் காஃப்ரே பிரமிடில் இப்படித் தேடினார். ஆராய்ந்த பகுதியில் புது அறை எதுவும் இல்லை. (அதுவும் ஒரு முடிவுதானே!) 2017இல் கூஃபு பிரமிடில் குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் தெரிந்தது. அது எதற்காக என்பதை மியூவான்கள் சொல்லாது.