கப்பல் பயணத்துக்கு ஓய்வூதியப் பணத்தில் கை வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. டர்பனில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மாதச் சம்பளம் 38,000 ராண்ட். சாட்ஸ்வர்த்தில் சொந்த வீடு, பாண்ட் (வீட்டுக் கடன்) கட்டி முடிக்க இன்னும் 6 வருடம் இருக்கிறது. அடுத்த மார்ச்சில் எங்கள் திருமணத்துக்கு 25 வருடம் நிறைகிறது. அதற்காக டர்பனிலிருந்து மொசாம்பிக் போய் வரும் 4 இரவு குரூஸுக்குப் போகலாம் என்று மனைவியின் அக்காவும் என் சகலையும் பிடிவாதமாக இருக்கிறார்கள். மனைவிக்கும் ஆசை. ஜன்னல் இல்லாத அறைக்கு ஆளுக்கு 8,400 ராண்ட் என்கிறார் ஏஜென்ட். 76 வயது மாமியாரையும் அழைத்துப் போகலாம் என்று பேச்சு. அப்படி என்ன சுகம் இருக்கிறது இதில்? நம் பாட்டன் பூட்டன் கூலிக்கு வந்து இறங்கிய துறைமுகத்தில் நாம் காசு கொடுத்துக் கப்பல் ஏற வேண்டுமா? "டூ-பாட் பணத்தை எடு, அதற்குத்தானே கொடுத்திருக்கிறார்கள்" என்கிறார் சகலை. ஓய்வூதிய ஃபண்டில் இடையிலேயே எடுக்க விடும் அந்தச் சேமிப்புப் பகுதியில் எனக்கு 40,000 ராண்ட் அளவில் காட்டுகிறது. எடுக்கலாமா? இல்லை, கிரெடிட் கார்டில் போட்டுவிடலாமா? — சாட்ஸ்வர்த் வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம் ஐயா. ஆனால் பயணமே வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. உங்களிடம் ஒரு வருடம் இருக்கிறது. மாதம் 38,000 வாங்குகிறவர் ஒரு வருடத்தில் சேர்க்க முடிகிற தொகைதான் இது.

முதலில், அப்படி என்ன சுகம் என்ற கேள்வி. அதைக் கிண்டலாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் பணம் கொடுக்கும் முன் எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே.

டிசம்பர் மாதத்தில் உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். ஜோஹன்னஸ்பர்கிலிருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். காலையில் டீ, மதியம் பிரியாணி, ராத்திரிக்கு ப்ரை என்று வெளியே இறைச்சி சுடுவது. பத்து நாள் விடுமுறை என்று பெயர். உங்கள் மனைவிக்கு அந்தப் பத்து நாளும் அடுப்படியில்தான். சரி, வெளியூர் போகலாம் என்று மார்கேட் என்ற கடற்கரை ஊர்ப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தாலும் சட்டி பானை கூடவே வரும், சமைப்பதும் அவரேதான். கப்பலில் நான்கு நாளும் அவர் கரண்டியைத் தொட வேண்டியதில்லை. என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் குரூஸ் போக வேண்டும் என்று முதலில் சொல்பவர் பெரும்பாலும் வீட்டம்மாதான். ஏன் என்று கேட்டால் கடல், சூரியன் என்றெல்லாம் சொல்வதில்லை. "அடுத்த வேளைக்கு என்ன என்று யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள்" என்பார்கள்.

அடுத்தது, எல்லா வயதுக்காரர்களும் ஒன்றாகப் போக முடிவது. மாமியார் லிஃப்டில் ஏறி மேல்தளத்தில் காற்று வாங்கலாம். பிள்ளைகளுக்குத் தனி விளையாட்டு இடம். சகலை நீச்சல் குளத்தை விட்டு நகர மாட்டார். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் கூடிவிடுவார்கள். ஜோஹன்னஸ்பர்க் போகும் N3 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஆறு மணி நேரம் வண்டி ஓட்டுவது இல்லை. பெட்டியை ஒரு முறை பிரித்து வைத்தால் போதும், அறை உங்களோடேயே நகர்ந்து வருகிறது. டர்பன்காரர்களுக்கு இன்னொரு வசதி, விமான டிக்கெட் இல்லாமலே வெளிநாடு. காரை எடுத்தால் அரை மணியில் நெல்சன் மண்டேலா குரூஸ் முனையம். மொசாம்பிக்குக் குறுகிய காலம் போய் வர நம் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. ராண்டின் மதிப்பு இருக்கிற இருப்பில் ஐரோப்பாவுக்கோ சிங்கப்பூருக்கோ போவதோடு ஒப்பிட்டால், குடும்பமாகக் கடல் தாண்ட இது மலிவான வழிதான்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. கப்பலில் பர்ஸை எடுப்பதே இல்லை. படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, இரவு நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் முன்பே கட்டிவிட்டீர்கள். அங்கே ஒவ்வொரு தடவையும் "இது எவ்வளவு?" என்று கேட்டு மனம் கணக்குப் போடுவதில்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு வருடம் முழுவதும் ஓயாத ஒரு சத்தம் அது. நான்கு நாள் அது நிற்பதற்குத்தான் ஜனங்கள் பணம் கொடுக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். கப்பல் கம்பெனி லாபம் பார்ப்பதும் அதே இடத்தில்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பாட்டன் பூட்டன் பற்றி எழுதியிருந்தீர்கள். மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று இங்கே வந்தது. அதில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே துறைமுகத்தில் டிக்கெட் வாங்கிச் சொந்த இஷ்டத்துக்குக் கப்பல் ஏறுவதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி டூ-பாட். இந்த முறை 2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் மாதாமாதம் கட்டுவதில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பகுதிக்கும் மீதி இரண்டு பங்கு ஓய்வுக்காலப் பகுதிக்கும் போகிறது. தொடக்கத்தில் பழைய தொகையிலிருந்து 10 சதவீதம், அதிகபட்சம் 30,000 ராண்ட், சேமிப்புப் பகுதிக்கு மாற்றினார்கள். வரி ஆண்டுக்கு ஒரு முறை அதிலிருந்து எடுக்கலாம், குறைந்தது 2,000 ராண்ட். எடுக்க அனுமதி இருக்கிறது என்பதைச் சகலை சரியாகத்தான் சொல்கிறார். எடுப்பதற்கு என்ன விலை என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

அந்தப் பணம் உங்கள் அந்த வருடச் சம்பளத்தோடு சேர்ந்து வரி ஆகிறது. வருடத்துக்கு 4,56,000 ராண்ட் வாங்கும் நீங்கள் 31 சதவீத வரம்பில் இருக்கிறீர்கள். 20,000 கேட்டால் கைக்கு 13,800தான் வரும். ஃபண்ட் நிர்வாகக் கட்டணம் அதற்கு மேல். வரித்துறையான சார்ஸுக்குப் பழைய பாக்கி ஏதாவது இருந்தால் அதையும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். முழுசாக 20,000 கைக்கு வர வேண்டுமென்றால் 29,000 அளவுக்கு எடுக்க வேண்டும். அதே 29,000 அங்கேயே கிடந்து வருடத்துக்கு 8 சதவீதம் வளர்ந்தால், உங்களுக்கு 65 ஆகும்போது கிட்டத்தட்ட 79,000. அப்போது விலைவாசியும் ஏறியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓய்வு பெறும்போது மொத்தமாக எடுக்கும் தொகைக்கு வரி அட்டவணையே வேறு. வாழ்நாளில் முதல் 5,50,000 ராண்டுக்கு வரி இல்லை. அன்றைக்கு வரி இல்லாமல் வரக்கூடிய பணத்தை இன்றைக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்து எடுக்கச் சொல்கிறார் சகலை. வேலை போய்விட்டது, வீட்டில் பெரிய வைத்தியச் செலவு என்றால் நானே எடுக்கச் சொல்வேன். திருமண நாளுக்கு வேண்டாம்.

கிரெடிட் கார்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 30,000 ராண்டை 20 சதவீத வட்டியில் போட்டு மாதம் 1,500 கட்டினால் தீர இரண்டு வருடம் ஆகும். வட்டி மட்டும் 6,800 ராண்ட் பக்கம் வரும். 26-வது திருமண நாளுக்கும் 25-வதற்கான கடனைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அப்படியானால் பணம் எங்கிருந்து? உங்கள் பாண்டிலிருந்தே. கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுக்கும் வசதி, அதாவது ஆக்ஸஸ் பாண்ட், உங்கள் கணக்குக்கு இருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். இருந்தால் வழக்கமான தவணையோடு மாதம் 2,400 ராண்ட் கூடக் கட்டி வாருங்கள். ஒரு வருடத்தில் 28,800. சேமிப்புக் கணக்கில் போட்டால் வங்கி உங்களுக்கு வட்டி தரும். இங்கே போட்டால் அதைவிட உயர்ந்த பாண்ட் வட்டி உங்களுக்கு மிச்சமாகும். ஆனால் கூடுதலாகப் போட்டதை மட்டும்தான் திரும்ப எடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு ராண்ட் எடுத்தாலும் குரூஸ் செலவு வீட்டுக் கடனாக மாறிவிடும். கை நிற்காது என்று தோன்றினால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பணம் எடுக்க முடிகிற நோட்டீஸ் கணக்கு ஒன்றைத் தனியாகத் திறந்துகொள்ளுங்கள், வட்டி குறைந்தாலும் பரவாயில்லை. டிசம்பரில் 13-வது மாதச் சம்பளம் வருமென்றால் அதில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பினால் மாதச் சுமை பாதியாகக் குறையும். டிசம்பர் எப்படியும் கை மீறுகிற மாதம். வந்த அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

ஏன் 28,800? இருவருக்கும் டிக்கெட் 16,800 என்பது வாசற்படிதான். துறைமுகக் கட்டணம், காப்பீடு, கப்பல் ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம் இவையெல்லாம் அந்த 8,400-இல் இருக்கிறதா என்று ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள். விளம்பரத்தில் சொல்லும் விலையில் பெரும்பாலும் இவை இருக்காது. இவற்றுக்கு ஒரு 5,000, கப்பலுக்குள் செலவுக்கு 4,000, கரையில் இறங்கினால் 1,500, கடைசி நிமிடத் தேவைக்குக் கொஞ்சம் என்று ஒதுக்கினால் இந்தத் தொகை வந்துவிடும்.

கப்பல் கம்பெனி லாபம் பார்க்கும் இடம் என்றேனே, அதற்கு வருகிறேன். ஏறியவுடன் ஓர் அட்டை தருவார்கள். அறைக் கதவு திறப்பதும் அதில்தான், எதையும் வாங்குவதும் அதில்தான். காசு கையில் புரளாததால் செலவு உறைக்காது. மதுபானம், பாட்டில் தண்ணீர், ஸ்பெஷல் காபி, ஸ்பா, போட்டோ, இணையம் எல்லாம் தனிக்கணக்கு. துறைமுகத்தை விட்டுப் போனதும் காசினோ திறக்கும். பானங்களுக்கு மொத்தமாக ஒரு பேக்கேஜ் விற்பார்கள்; பெரும்பாலும் ஒரே அறையில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் அதை எடுத்தாக வேண்டும். உங்கள் மனைவி குடிக்கிறவராக இல்லையென்றால் அது உங்களுக்கு நஷ்டக் கணக்கு. அட்டையைக் கிரெடிட் கார்டோடு இணைக்காமல், ஏறும்போதே 4,000 ராண்டை ரொக்கமாகக் கட்டி அந்த அளவோடு நிற்க வழி உண்டா என்று கேளுங்கள். கப்பல் கணக்கு டாலரிலா ராண்டிலா என்பதையும் பதிவு செய்யும் முன்பே கேட்டு வையுங்கள். டாலர் என்றால் பியர் ஒன்றின் விலையை மனதுக்குள் பெருக்கிப் பார்த்த பிறகு சகலைக்கு ரவுண்டு வாங்கிக் கொடுங்கள்.

போன் விஷயம் அநேகம் பேர் கவனிக்காத ஒன்று. நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் வழியாக உங்கள் போன் தானாக இணைந்துகொள்ளும். அந்த ரோமிங் பில் ஒரு கரை உலாவின் விலையைத் தாண்டிவிடும். ஏறியதும் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். நான்கு நாள் வாட்ஸ்அப் குழுக்கள் இல்லாமல் இருப்பதும் குரூஸின் சுகங்களில் ஒன்றுதான்.

பருவம் நவம்பரில் ஆரம்பித்து மார்ச், ஏப்ரல் வரை ஓடும். பள்ளி விடுமுறையில் விலை ஏறும், மார்ச் மாதத்தின் சாதாரண வாரங்களில் இறங்கும். உங்கள் திருமண நாள் நல்ல நேரத்தில்தான் விழுகிறது. ஈஸ்டர் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், விலைக்காக மட்டுமில்லை. குட் ஃப்ரைடே அன்று மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயிலுக்குப் போகிற குடும்பம் என்றால் மாமியார் கப்பலில் ஏறவே மாட்டார். புரட்டாசி தாண்டித்தான் பருவமே தொடங்குகிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

மாபுடோ அருகே போர்ச்சுகீஸ் தீவு, அதற்கும் வடக்கே பொமேன், இந்த இரண்டில் ஒன்றில்தான் வழக்கமாகக் கரை இறக்குவார்கள். படகில் போய் இறங்க வேண்டியிருப்பதால் கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்காமலே திரும்பிவிடலாம். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் உண்டு, முழுப் பணமும் திரும்பாது. தீவைப் பார்ப்பதற்காகவே போகிறீர்கள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். கப்பலுக்காகப் போகிறீர்கள் என்றால் ஏமாற்றம் இருக்காது.

கடைசியாக மாமியார். உங்கள் அறையிலேயே மூன்றாவது ஆளாகச் சேர்த்தால் அவருடைய கட்டணம் குறையும். ஆனால் பல அறைகளில் மூன்றாவது படுக்கை சுவரிலிருந்து இறங்கும் மேல் படுக்கை. 76 வயதில் அவர் ஏணி ஏற முடியாது, நீங்கள்தான் ஏறுவீர்கள், அதுவும் 25-வது திருமண நாளில். தனி அறை எடுத்தால் ஒரே ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு ஆள் விலை. சகலைக்குப் பெரிய பெண் இருந்தால் பாட்டியும் பேத்தியும் ஓர் அறையில் தங்கட்டும். பாட்டியின் கட்டணத்தை இரண்டு வீடும் பாதிப் பாதி போடுங்கள். அவருடைய மெடிக்கல் எய்ட் (மருத்துவச் செலவுத் திட்டம்) நாட்டு எல்லைக்கு வெளியே செல்லுமா என்று எழுத்தில் கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். கப்பல் மருத்துவர் தனியாக பில் போடுவார், நடுக்கடலிலிருந்து ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது லட்சங்களில் போகிற செலவு. பயணக் காப்பீடுகளில் வயது வரம்பு உண்டு, ஏற்கனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குத் தனி நிபந்தனை உண்டு. அதற்குச் சரியான பதில் கிடைக்கவில்லை என்றால் இந்த முறை அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அதை அவரிடம் சொல்லும் பொறுப்பைச் சகலைக்கே கொடுத்துவிடுங்கள், யோசனை அவருடையதுதானே.