திருவான்மியூர்க் கலைவிழா: எங்கே தங்குவது?

வணக்கம். சென்னைத் திருவான்மியூரில் உள்ள இசை, நடனப் பள்ளியான கலாக்ஷேத்திராவில் டிசம்பர் கடைசியில் நடக்கும் ஆண்டு விழாவுக்கு, முழங்கால் வலியுள்ள தங்கள் தாயாருடன் மயிலாப்பூரில் தங்கிப் பறக்கும் ரயிலில் வந்துபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், உயரத்தில் அமைந்த அந்த நிலையங்களில் ஏறி இறங்குவதும், இறங்கிய பின் ஆட்டோ தேடுவதும் அவரைக் களைப்படையச் செய்யும் என்பதால், திருவான்மியூரிலேயே அறை எடுப்பது நல்லது. கேரளக் கோயில்களின் நாடக அரங்கான கூத்தம்பலத்தின் சாயலில் எழுந்த கலாக்ஷேத்திரா அரங்கத்தை வெளிச்சம் மங்குமுன் பார்த்துவிடுவதற்காகவேனும் மாலை நிகழ்ச்சிக்குச் சற்று முன்னதாகச் செல்லுங்கள். எல்லா நாளும் தொடர்ந்து கச்சேரி கேட்பது யாருக்கும் கடினமே (எனக்கு நான்காம் நாளே கண் சொருகியது). ஆகவே ஒரு மாலையை மருந்தீசுவரர் கோயிலுக்கும் கடற்கரைக்கும் ஒதுக்கிவிடுங்கள். கடற்காற்றுக்குச் சால்வையும், கொசுவுக்குக் களிம்பும் கைப்பையில் இருக்கட்டும்.