பேத்தியின் பென்சில் பாக்ஸில் இருந்த பொட்டலம்

கேள்வி: பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, வேலந்தாவளம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். எனக்கு 61 வயது, அவருக்கு 67. ஒரே மகன், லோடு ஆட்டோ ஓட்டுகிறான். முதலில் கஞ்சா, இப்போது ஏதோ பொடி. அடி தாங்காமல் மருமகள் போன வருடமே திருப்பூருக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், பனியன் கம்பெனியில் வேலை. ஏழு வயதுப் பேத்தி எங்களிடம்தான் வளர்கிறாள். இங்கேயே தமிழ் மீடியத்தில் இரண்டாம் வகுப்பு. மகன் பொள்ளாச்சியில் ரூம் எடுத்திருக்கிறான். நினைத்தால் வந்து பிள்ளையைக் கூட்டிப் போவான், ராத்திரி பைக்கில் கொண்டுவந்து விடுவான். போன வாரம் அவள் பென்சில் பாக்ஸில் சின்ன ஜிப் கவரில் வெள்ளைத் தூள் இருந்தது. “அப்பா பத்திரமா வெச்சுக்கச் சொன்னாரு” என்கிறாள். ஆதாரத்துக்கு இருக்கட்டும் என்று அரிசி டிரம்முக்கு அடியில் வைத்திருக்கிறேன். இனிமேல் பிள்ளை தன்னோடுதான் இருக்கும் என்கிறான் மகன். அவனிடம் பத்திரத்தில் எழுதி வாங்கினால் போதும் என்கிறார் ஒருவர். அவன் வந்து நின்றால் அனுப்ப மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? அவன் ஜெயிலுக்குப் போகாமல் பேத்தியைக் காப்பாற்ற வழி இருக்கிறதா?

பதில்: அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த அரிசி டிரம்.

அந்தத் தூள் எம்டிஎம்ஏ என்கிற ரசாயனப் போதைப்பொருளாக இருந்தால், அதைத் தெரிந்தே வீட்டில் வைத்திருப்பது 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி உங்கள் மேலேயே குற்றம். அரை கிராம் வரை ‘சிறிய அளவு’. அதற்கே ஓராண்டு வரை சிறை. அதைத் தாண்டினால் பத்தாண்டு வரை போகும். எடை போட்டுப் பார்க்கிற வேலையும் வேண்டாம், கிணற்றுமேட்டில் கொட்டுகிற வேலையும் வேண்டாம். ஒரு வக்கீலோடு நாளைக்கே எக்ஸைஸ் (கலால் துறை) அலுவலகத்துக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ போங்கள். எப்போது, எங்கே கிடைத்தது என்று எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதனால் மகன் மேல் வழக்கு வருமா? வரலாம். வராது என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு மனசில்லை. ஆனால் சட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டினாலும், தானாக முன்வந்து அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் 64ஏ பிரிவு அவரை அந்த வழக்கிலிருந்து காப்பாற்றும். பாதியில் ஓடி வந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தையைப் போதைப்பொருள் சுமக்க வைப்பது சிறார் நீதிச் சட்டத்தின் 78-ஆம் பிரிவில் ஏழாண்டு வரை தண்டனை உள்ள தனிக் குற்றம். 64ஏ அதற்கு உதவாது. பென்சில் பாக்ஸுக்குள் அது எப்படி வந்தது என்று போலீஸ் கேட்கத்தான் செய்யும். ஆகவே ‘ஜெயிலே வேண்டாம்’ என்பதை என்னால் உறுதியாகத் தர முடியாது. பேத்தியின் பாதுகாப்பை அந்த நிபந்தனையோடு கட்டிப்போடாதீர்கள்.

இனி உங்கள் உரிமை. தகப்பன் ‘இயற்கைக் காப்பாளர்’, அதாவது பிள்ளைக்குச் சட்டம் தானாகவே ஏற்கிற பொறுப்பாளர். உங்கள் கையில் ஓர் உத்தரவு இல்லாதவரை, ‘அனுப்ப மாட்டேன்’ என்பதற்குச் சட்டத்தில் பலம் குறைவு. அதற்காகப் போதையில் பைக்கோடு வந்து நிற்பவனிடம் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்படி வந்தால் வாக்குவாதம் வேண்டாம், கதவைச் சாத்திவிட்டு 112-க்கோ 1098-க்கோ அடியுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், எல்லைக்கு அந்தப் பக்கமும் வேலை செய்யும்.

அந்த உத்தரவை வேகமாக வாங்கக்கூடிய இடம் கோர்ட் இல்லை, மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உண்டு. பெற்றோர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தகுதியில் இல்லை என்று குழு கண்டால், அந்தக் குழந்தை 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’. போதைப் பழக்கத்துக்கோ கடத்தலுக்கோ இழுக்கப்படும் ஆபத்தில் உள்ள குழந்தையும் அப்படியே. பேத்தியை நீங்களே கூட்டிக்கொண்டு போகலாம். விசாரணை முடியும்வரை ‘தகுதியான நபர்’ என்று உங்களிடமே குழு ஒப்படைக்க முடியும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், 15 நாளில் அறிக்கை, நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு என்பது சட்டத்தின் கணக்கு. நடைமுறையில் இழுக்கும், அது வேறு விஷயம். மனுவை மலையாளத்தில் எழுத வேண்டுமே என்று தயங்காதீர்கள். குறைகளைச் சொல்லி மனுக் கொடுக்க மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியையும் பயன்படுத்தலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு சொல்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலும் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தனி ஏற்பாடு உண்டு.

நிலையான உரிமைக்குப் பாலக்காடு குடும்ப நீதிமன்றத்தில் 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி மனுப் போட வேண்டும். குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம். நாளைக்கு அவன் பொள்ளாச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனாலும், பள்ளிக்கூடப் பதிவும் ரேஷன் கார்டும் இங்கே இருக்கிறவரை அது பாலக்காடுதான் என்று நாம் வாதிடலாம். ஆனால் அங்கேயே ஆறு மாதம் இருந்து, அங்கேயே ஸ்கூலும் சேர்த்துவிட்டால் அந்த வாதம் ஆட்டம் கண்டுவிடும். தாமதிக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மனுவோடு இடைக்கால உத்தரவும் 12-ஆம் பிரிவில் கேட்க வேண்டும்.

அங்கே உங்களுக்கு எதிரே நிற்கப்போவது அதே காப்பாளர் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. தகப்பன் உயிரோடு இருந்து, தகுதியற்றவர் இல்லை என்றால், வேறு யாரையும் காப்பாளராக நியமிக்க முடியாது. தகப்பனைவிடத் தாத்தா பாட்டிக்கு மேலான உரிமை கிடையாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. ஆனால் அந்தத் தகப்பன் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. 2008-இல் நீல் ரதன் குண்டு வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், மனைவியின் சாவில் குற்றம் சாட்டப்பட்ட தகப்பனிடம் பிள்ளையைக் கொடுத்த தீர்ப்பை ரத்து செய்து, தாய்வழித் தாத்தா பாட்டியிடமே விட்டது. தகப்பனின் நடத்தையையும் சிறுவனின் விருப்பத்தையும் பார்த்தது. ஆகவே எல்லாம் ஆதாரத்தில் இருக்கிறது. டீச்சர் சொல்வது, வராத நாட்களைக் காட்டும் வருகைப் பதிவேடு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் கண்டது. தயவுசெய்து பேத்தியைப் பேசவைத்து போனில் வீடியோ எடுக்காதீர்கள். சொல்லிக் கொடுத்ததா, தானாகச் சொன்னதா என்பதை நீதிபதிகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அது வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றினால் குழந்தையின் அடையாளத்தை வெளியிட்ட குற்றமும் சேரும்.

உங்கள் கடிதத்தில் மருமகள் ஒரே வரியில் வந்து போகிறாள். கோர்ட்டில் முதல் கேள்வியே அவளைப் பற்றித்தான் வரும்: “குழந்தையின் அம்மா எங்கே?” தகப்பனுக்கு அடுத்து இயற்கைக் காப்பாளர் அவள்தான். தகப்பன் கவனிக்கத் தவறினால் அவர் இருக்கும்போதே தாய் அந்த இடத்தில் நிற்கலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-லேயே தீர்ப்பாகிவிட்டது. அவள் மனுதாரராகச் சேர்ந்தாலோ, பிள்ளை உங்களிடம் வளரச் சம்மதம் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாலோ வழக்கின் பாதிப் பாரம் குறைந்துவிடும். அடி வாங்கியவள் என்பதால், 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி திருப்பூரிலேயே மனுப் போட்டு, குழந்தையின் தற்காலிகப் பொறுப்பைக் கேட்கவும் அவளுக்கு வழி உண்டு. விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்ற வருத்தம் உங்களுக்கு இருக்கலாம். இருந்தாலும் இந்த வாரமே அவளுக்குப் போன் பண்ணுங்கள். ஒருவேளை அவளே பிள்ளையைக் கேட்டால், சட்டம் அவள் பக்கம்தான் சாயும். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பத்திரத்தில் எழுதி வாங்கும் யோசனையை விட்டுவிடலாம். பெற்றவர்களின் பொறுப்பைக் கிரயம் போல எழுதி மாற்ற முடியாது. எழுதிக் கொடுத்தவனே மறுநாள் மாற்றிப் பேசலாம்.

மகனுக்கு: 14446 தேசியப் போதை மீட்பு உதவி எண். கேரள எக்ஸைஸின் ‘விமுக்தி’ திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே சிகிச்சை உண்டு. அவன் வர மறுத்து, ஆளை அடிக்கிற நிலைக்குப் போனால், 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் டாக்டர்களின் பரிசோதனைக்குப் பிறகு 30 நாள் வரை அனுமதிக்க வழியிருக்கிறது. போதையால் வரும் மனப் பாதிப்பும் அந்தச் சட்டத்தில் நோய்தான். கட்டி வைத்துத் திருத்துகிறோம் என்கிற இடங்களுக்குக் கொண்டு போகாதீர்கள். அவன் சிகிச்சை முடித்து வந்தால், உங்கள் முன்னிலையில் வாரம் ஒருமுறை மகளைப் பார்க்க கோர்ட்டே ஏற்பாடு செய்யலாம்.

வக்கீல் செலவுக்குக் கவலை வேண்டாம். பெண் என்பதால் உங்கள் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச சட்ட உதவி கிடைக்கும். 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது சித்தூரில் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு நேரில் போங்கள். மனு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

பேத்தியின் ஸ்கூலை இப்போது மாற்ற வேண்டாம். தலைமை ஆசிரியரைப் பார்த்து, நிலைமையைச் சொல்லி, நீங்களோ தாத்தாவோ வராமல் பிள்ளையை வெளியே விட வேண்டாம், தகப்பன் வந்தால் உடனே உங்களுக்குப் போன் பண்ண வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். நலக் குழுவின் உத்தரவு வந்ததும் அதன் நகலையும் அங்கே கொடுத்து வையுங்கள்.