சைக்ளிக் ரிடண்டன்சி செக் பிழை: செக்டிஸ்க்கை இப்போதே ஓட்டாதீர்கள்

வணக்கம் நண்பரே. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் கல்யாணப் படங்களை காப்பி செய்தால் 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' (படித்த டேட்டா சரியாக இல்லை என்னும் பிழை) என்று பாதியில் நின்றுவிடுகிறது, அந்த ஃபோல்டரை அழிக்கவும் முடியவில்லை என்கிறீர்கள். படங்களுக்கு வேறு பிரதி இல்லையென்றால் அழிக்கும் வேலையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

முதலில் யுஎஸ்பி கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். சில நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும். சரியாகவில்லையா? டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 'கரன்ட் பெண்டிங் செக்டர்' வரியில் 'ரா வேல்யூ' எண்ணைப் பாருங்கள். அது பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், டிஸ்க்கால் சில செக்டர்களை (டேட்டா பதியும் சிறு பகுதிகளை) படிக்க முடியவில்லை என்று பொருள்.

பலரும் உடனே விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை '/ஆர்' போட்டு ஓட்டச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அது டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும், ஃபைல் அமைப்பையும் திருத்தி எழுதும். தள்ளாடும் டிஸ்க் அதிலேயே படுத்துவிடலாம். அதற்குப் பதில் லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவில்) பூட் செய்து, பழுதான டிஸ்க்கிலிருந்து டேட்டாவை மீட்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ மூலம் முழு டிஸ்க்கையும் அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுங்கள். எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைலைக் கட்டாயம் கொடுங்கள். இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்கு அது கடைசியில்தான் திரும்பும். செக்டிஸ்க் எல்லாம் அப்புறம், அந்த நகலில்.

டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் கேட்டால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுங்கள்.