செல்லோவைப் பதிவு செய்யும்போது மைக்கை எங்கே வைக்க வேண்டும்?

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், ஒரே ஒரு கண்டென்சர் மைக்கை செல்லோவின் முன்பலகையில் எஃப் எழுத்து வடிவில் வெட்டியிருக்கும் எஃப் துளைக்கு நேர் எதிரே வைத்துப் பதிவதாகவும், அடிச்சுரங்கள் கும்மென்று அடைத்துக்கொள்வதாகவும் கேட்டிருக்கிறீர்கள். முதல் வேலையாக மைக்கை அந்தத் துளையிலிருந்து விலக்குங்கள்.

ஒலி அந்தத் துளை வழியாகத்தான் வெளிவருகிறது என்று எண்ணித் தொடக்கத்தில் நானும் அங்கேதான் வைத்தேன். ஒரு பாடலின் இடையிசைக்காக அரை அடித் தொலைவில் பதிந்ததை வாசித்தவருக்குப் போட்டுக்காட்டியபோது, "சார், நான் வாசிக்கும்போது என் காதில் விழுவது இது இல்லை" என்றார். பிறகு மிக்ஸிங்கில் ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கொண்டு அடிப்பகுதியை வெட்ட வெட்ட வாத்தியத்தின் உடலே மெலிந்துபோனது. அவரை மீண்டும் வரவழைத்துப் பதிய வேண்டியிருந்தது.

துளையருகே மிகுந்து கேட்பது, கூட்டுக்குள் இருக்கும் காற்றின் அதிர்வு. பெரும்பாலான செல்லோக்களில் இது 100 ஹெர்ட்ஸை ஒட்டி அமைகிறது. முன்பலகை, பின்பலகை, குதிரை (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) ஆகியவை ஒவ்வொன்றும் வெவ்வேறு அதிர்வெண்களை வெவ்வேறு திசைகளில் வீசுகின்றன. அவை ஒன்றுகலந்து நாம் செல்லோ என்று அறியும் குரலாக மாறுவதற்குச் சற்றுத் தொலைவு வேண்டும். போதாக்குறைக்கு, முன்பக்க ஒலியையே முதன்மையாக எடுக்கும் கார்டியாய்டு மைக் பெரும்பாலும் ஒலிமூலத்தை நெருங்க நெருங்க அடியதிர்வுகளைத் தானாகவே பெருக்கிவிடும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் உங்கள் கும்மென்ற ஒலி.

உங்கள் அறையில் இரண்டரை முதல் மூன்றடித் தொலைவில் தொடங்குங்கள். மைக் குதிரையைவிடச் சற்று உயரத்தில் நின்று, குதிரைக்கும் விரற்பலகையின் முடிவுக்கும் இடைப்பட்ட பகுதியைப் பார்க்கட்டும். குதிரையை நோக்கித் திருப்பினால் வில்லின் உரசலும் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் தெளிவாகும். விரற்பலகைப் பக்கம் திருப்பினால் குரல் மென்மையாகும். வாசிப்பவரின் முக உயரத்துக்கு ஏற்றிவிட்டால் மூச்சொலி பதிவில் ஏறிவிடும்.

பலர் கவனிக்காதது தரை. குதிரை தரையிலிருந்து ஏறக்குறைய 50 செ.மீ. உயரத்திலும், மைக் ஒரு மீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் தள்ளியும் இருப்பதாகக் கொள்ளுங்கள். தரையில் பட்டு எகிறி வரும் ஒலி, நேராக வரும் ஒலியைவிட ஏறக்குறைய 68 செ.மீ. கூடுதலாகப் பயணம் செய்து வருவதால், 250 ஹெர்ட்ஸ் அருகே இரண்டும் ஒன்றையொன்று பகுதியளவு அழிக்கின்றன. ஏ தந்தியில் முதல் விரல் வைக்கும் பி சுரம் சரியாக அங்கேதான் இருக்கிறது. மைக்கை 30 செ.மீ. இறக்கினால் அந்தப் பள்ளம் 315 ஹெர்ட்ஸ் பக்கம் நகர்ந்துவிடும். செல்லோ ஒற்றைப் புள்ளியாக நின்று ஒலிப்பதில்லை என்பதால் நடைமுறையில் பள்ளம் இவ்வளவு கூர்மையாக இராது. ஆனாலும் ஒரு சாண் உயரம் குரலை மாற்றுவது இதனால்தான். மெல்லிய கம்பளம் விரிப்பது இதற்குத் தீர்வாகாது. அது மேலதிர்வுகளை மட்டுமே உறிஞ்சும்.

அடுத்தது நாற்காலி. பத்தடி அகலமுள்ள அறையில் சுவருக்குச் சுவர் நிற்கும் அலைகளில் இரண்டாவது 112 ஹெர்ட்ஸ் அளவில் அமைகிறது. அதன் அழுத்தம் சுவரோரங்களிலும் அறையின் நட்டநடுவிலும் உச்சத்தில் இருக்கும். ஜி தந்தியின் முதல் விரல் சுரமான ஏ, 110 ஹெர்ட்ஸ். வாசிப்பவரை நடுவில் அமர்த்தியிருந்தால் அந்த ஒரு சுரம் மட்டும் மற்றவற்றைவிடப் பெருத்து எழும். நாற்காலியையும் மைக்கையும் நடுக்கோட்டிலிருந்து இரண்டடி விலக்கி, அடித்தந்தியிலிருந்து மேல்நோக்கி மெதுவாக ஒரு ஆரோகணம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். செல்லோவின் அடியில் நீண்டு தரையில் ஊன்றும் கம்பியான எண்ட்பின்னை எங்கே ஊன்றியிருக்கிறார் என்பதையும் பாருங்கள். உள்ளீடற்ற மரமேடையில் ஊன்றினால் மேடையும் சேர்ந்து அதிரும்.

உங்கள் மைக்கில் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை எடுக்கும் ஓம்னி நிலை இருந்தால் அதையும் ஒருமுறை முயன்று பாருங்கள். அதில் அண்மையால் வரும் அடிப்பெருக்கம் கிடையாது என்பதால் ஓரடி நெருக்கமாகக்கூட வைக்கலாம், ஆனால் அறையின் குறைகளும் கூடவே வரும். எனக்குச் செல்லோவுக்கு மிகவும் பிடித்தது, மெல்லிய உலோக நாடாவால் ஒலியை எடுக்கும் ரிப்பன் மைக். மேலதிர்வுகளைச் சற்றுக் குறைத்தே எடுக்கும் அதன் இயல்பு வில்லின் கரகரப்பைத் தணிக்கிறது, பக்கவாட்டில் எதையும் ஏறக்குறைய கேட்காத அதன் தன்மையை அருகிலுள்ள சுவரை விலக்கப் பயன்படுத்தலாம். வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

நெருக்கமான பதிவே தவறு என்பதும் இல்லை. 1966இல் பீட்டில்ஸின் 'எலினார் ரிக்பி' பாடலுக்கு இரண்டு செல்லோக்கள் உட்பட எட்டுத் தந்தி வாத்தியங்களை ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் மிக நெருக்கமாக மைக் வைத்தே பதிந்தார். அந்தக் கடுமையான உரசல் பாடலுக்குத் தேவையாக இருந்தது. தனிச் செல்லோவின் நீண்ட ராகத்துக்கு அது பொருந்தாது.

இடம் கிடைத்ததும் நாற்காலிக் கால்கள், எண்ட்பின் ஊன்றிய புள்ளி, மைக் ஸ்டாண்டின் கால்கள் ஆகிய மூன்றையும் தரையில் டேப் ஒட்டிக் குறித்து, மைக்கின் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தேநீர் இடைவேளைக்குப் பின் வாசிப்பவர் ஒரு சாண் தள்ளி அமர்ந்துவிட்டால், முன்பு பதிந்த துண்டோடு பின்பு பதிந்ததை ஒட்ட முடியாது.