சேலம் கேட்டால் சேலை வருகிறது!

கேள்வி: வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூர் சில்க் போர்டிலிருந்து சேலம், தருமபுரி பக்கம் காரில் போகிறவர்கள், காலி இடம் இருந்தால் சொல்வதற்கென்று ஒரு டெலிகிராம் குழு வைத்திருக்கிறோம். அதற்குப் பைத்தான் நிரல்மொழியில் ஒரு பாட் (தானாகப் பதில் சொல்லும் நிரல்) எழுதினேன். தனியாகப் பேசினால் பதில் சொல்கிறது, குழுவில் சேர்த்தால் வாயே திறப்பதில்லை. (மடிவாளா வாசகர்)

பதில்: நிரலில் தப்பு இருக்காது. குழுவில் இருக்கும் பாட்டுக்கு எல்லாச் செய்தியும் போய்ச் சேராது; '/' போட்டு வரும் கட்டளையும், பாட் எழுதியதற்கு யாராவது ரிப்ளை போட்டால் அதுவும்தான் பெரும்பாலும் கிடைக்கும். பிரைவசி மோட் என்று பெயர், புது பாட்டில் ஆன் ஆகியேதான் வரும். பாட்களை நிர்வகிக்க டெலிகிராம் வைத்திருக்கும் பாட்ஃபாதரில் போய் அணைக்கலாம், ஆனால் அணைத்த பிறகு பாட்டைக் குழுவிலிருந்து நீக்கி மறுபடி சேர்க்க வேண்டும். இதைத் தெரியாமல் அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் அணைக்காதீர்கள். குழுவில் பேசும் வீட்டுக் கதை, மேனேஜர் கதையெல்லாம் உங்கள் சர்வருக்கு எதற்கு? 'சீட்' என்று ஒரு கட்டளை வையுங்கள், அதற்குப் பின்னால் ஊர்ப் பேரை எழுதட்டும். கட்டளைப் பெயர் மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், அடிக்கோடு இவற்றில்தான் இருக்க முடியும். ஊர்ப் பேர் தமிழிலேயே இருக்கலாம்.

கேள்வி: எங்களுடையதும் அதே மாதிரி குழுதான். ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை) வைத்து வார்த்தைகளைப் பிரித்தால் தமிழ் துண்டு துண்டாகச் சிதறுகிறது. சரி என்று 'சேல' என்று தேடினேன், யாரோ சேலை விற்கச் செய்தி போட்டதற்கு பாட் "2 இடம் காலி" என்றது! (கே.ஆர்.புரம் வாசகி)

பதில்: சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். 'சேலம்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தானில் நீளம் கேட்டால் 5 என்று வரும், ஏனென்றால் கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ச, ஏகாரக் கொம்பு, ல, ம, புள்ளி என ஐந்தும் தனித்தனி. பைத்தானோடு வரும் ரெஜெக்ஸில் 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ' (எழுத்து, எண், அடிக்கோட்டைப் பிடிக்கும் குறி) போட்டால் கொம்பையும் புள்ளியையும் எழுத்தாகவே அது மதிக்காது, அதனால் 'ச', 'லம' என்று இரண்டு துண்டு கையில் கிடைக்கும். ரெஜெக்ஸை விட்டுவிட்டு, ஸ்பிளிட் வைத்து இடைவெளியில் பிரித்து, ஓரத்தில் ஒட்டியிருக்கும் காற்புள்ளி, கேள்விக்குறியைத் தட்டிவிட்டால் போதும்.

சேலை விவகாரத்துக்கு வருவோம். 'சேலம', 'சேலத' என்று புள்ளி வைக்காமல் இரண்டு தொடக்கங்களைத் தேடுங்கள். புள்ளி தனிக் குறி என்பதால் முதலாவதில் சேலம், சேலமா எல்லாம் மாட்டும், இரண்டாவதில் சேலத்துக்கு, சேலத்திலிருந்து. சேலை தப்பித்துவிடும். தருமபுரியை தர்மபுரி என்றும் எழுதுவார்கள், பாதிப்பேர் ஊர்ப் பேரை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள், ஆகவே ஒவ்வொரு ஊருக்கும் எல்லா வடிவங்களையும் சேர்த்து ஒரு டிக்‌ஷனரி வைப்பதுதான் வழி, கொஞ்சம் கைவேலை. இன்னொன்று: தொப்பூர் மாதிரிப் பெயர்களில் 'தொ'வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு வேறு வேறு. ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் இரண்டு குறியை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி முறைக்கு மாற்றிவிடுங்கள், யூனிகோடுடேட்டா என்ற தொகுப்பு பைத்தானிலேயே இருக்கிறது.

கேள்வி: அபார்ட்மென்ட் குழுவில் தண்ணீர் லாரி வரும் நேரத்தைக் காலை 7 மணிக்குப் போட கிரான் (குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டுவது) வைத்தேன். பகல் பன்னிரண்டரைக்கு வருகிறது. (பெல்லந்தூர் வாசகர்)

பதில்: அதற்குள் லாரி வந்து காலியாகிப் போயிருக்குமே! உங்கள் சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நம் நேரம் அதைவிட 5.30 மணி முன்னால். '30 1 * * *' என்று (முதலில் நிமிடம், அடுத்து மணி) வையுங்கள், இங்கே 7 மணிக்கு வரும். கிழமை பார்த்து வைக்கும்போது கவனம், இங்கே திங்கள் விடியற்காலை 4 மணி என்றால் அங்கே இன்னும் ஞாயிறு இரவு 10.30தான். நிரலுக்குள் நேரம் பார்க்க பைத்தான் 3.9 முதல் ஜோன்இன்ஃபோ என்ற நேர மண்டலத் தொகுப்பு இருக்கிறது. பட்டியலில் பெங்களூரைத் தேடாதீர்கள், ஆசியா/கொல்கத்தா என்றுதான் இருக்கும்.

கேள்வி: பாட் டோக்கனோடு (பாட்டை இயக்கும் ரகசியச் சாவி) நிரலை, நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிட்டேன். உடனே அந்த வரியை அழித்துவிட்டேன், போதுமா? (அல்சூர் வாசகர்)

பதில்: போதாது. பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) அப்படியே கிடக்கும். முதலில் பாட்ஃபாதரில் அந்த டோக்கனை ரத்து செய்து புதியது வாங்குங்கள், இதைப் படித்து முடிப்பதற்குள் செய்தாலும் சரி. அப்புறம் புதியதை டாட் என்வ் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பின் பெயரை, ஏற்றக்கூடாத கோப்புகளைப் பட்டியலிடும் கிட்இக்னோரில் சேருங்கள்.

கேள்வி: 409 கான்ஃப்ளிக்ட் என்று திடீர் திடீரென்று பிழை வருகிறது. (மாரத்தஹள்ளி வாசகர்)

பதில்: ஒரே டோக்கனை வைத்து இரண்டு இடத்தில் பாட் ஓடுகிறது. சர்வரில் ஒன்று, இன்னொன்று பெரும்பாலும் உங்கள் லேப்டாப்பில், நேற்று சோதித்துப் பார்த்துவிட்டு மூட மறந்த டெர்மினலில்.